உங்களுக்குத் தெரியுமா? சாகும் விண்மீனின் சுருதி ஏறும்!

பெரும் விண்மீனின் இரும்புக் கரு ஒரு நொடிக்குள் இடிந்துவிழுவதை ஒளி நமக்குக் காட்டாது. வெடிப்பின் அதிர்ச்சி மேற்பரப்பை எட்டவே சில மணி நேரம் ஆகும். 1987 பிப்ரவரி 23 அன்று பெரிய மெகல்லன் மேகம் என்னும் அண்டை விண்மீன் மண்டலத்திலிருந்து தெரிந்த வெடிப்பில், கருவின் நேரடிச் சாட்சியாகக் கிடைத்தவை ஏறக்குறைய 25 நியூட்ரினோத் துகள்கள்தான். மீதிக் கதையை, வெளியையே நெளியவைக்கும் ஈர்ப்பலைதான் சொல்ல வேண்டும். கணினியில் வெடிக்கவைத்த விண்மீன்களில், இடிந்த கருவிலிருந்து பிறந்த நியூட்ரான் விண்மீன் சுருங்கச் சுருங்க, வீணையின் பிருடையை முறுக்கினாற்போல் அதன் அதிர்வு சில நூறு ஹெர்ட்ஸிலிருந்து ஆயிரத்தைத் தாண்டுகிறது. வெறும் கணக்குதானே என்று கேட்கலாம். அலையின் வலிமையில் ஆய்வுக் குழுக்கள் முரண்பட்டாலும், இந்த ஏற்றம் ஏறக்குறைய எல்லாருடைய கணக்கிலும் வருகிறது; அதை நம்பித் தேடலாம். 2015இல் முதல் ஈர்ப்பலையைப் பிடித்த லைகோ கருவிக்கு இந்த ஏற்றம் இன்னும் சிக்கவில்லை. சிக்குவதற்கு வெடிப்பு நம் பால்வீதிக்குள் நிகழ வேண்டும். அது நூற்றாண்டுக்கு ஓரிரு முறைதான்.