பத்தாவது ஆள்

மும்பையில் சத்ரபதி சிவாஜி மகராஜ் முனையத்தை விட்டுப் புறப்படும் மத்திய ரயில்வேப் புறநகர் வண்டி முதலில் அடையும் நிலையம் மஸ்ஜித். அவ்வழியே அலுவலகம் செல்லும் நம்மவர் பலரும், பள்ளிவாசல் ஒன்றினால் வந்த பெயர் அது என்றே எண்ணியிருப்பர். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். அருகிலுள்ள யூத ஆலயத்தை அக்கம்பக்கத்தார் 'ஜூனி மஸ்ஜித்', அதாவது பழைய மசூதி, என்று வழங்கினர் என்றும், அப்பெயரே நிலையத்திற்கும் ஆயிற்று என்றும் கூறுவர். இச்செய்தியை நமக்குச் சொன்னவர் உடன் பணிபுரியும் யூத நண்பர் ஒருவர்.

அவர் பெனே இஸ்ரேல் வகுப்பினர். 'இஸ்ரேலின் மக்கள்' என்பது அப்பெயரின் பொருள். கொங்கணக் கரை ஊர்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து, மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். செக்காட்டி எண்ணெய் எடுத்த அவர்கள், சனிக்கிழமை ஓய்வுநாளாதலால் அன்று செக்கைத் தொடமாட்டார்கள். அதனால் 'சனிவார் தேலி', சனிக்கிழமை வாணியர், என்று பெயர் பெற்றனர். பின்னர் பம்பாய்க்குக் குடியேறிப் படையிலும் ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் அமர்ந்தனர். பிழைப்பை நாடிப் பெருநகர் வந்த நமக்கு அவர்கள் கதை புதிதன்று.

மைசூர்ப் போரில் சிறைப்பட்டு மீண்ட சாமுவேல் எசேக்கியேல் திவேகர் என்னும் படை அலுவலர், நேர்ந்துகொண்டபடி 1796இல் எழுப்பியதே அந்தப் பழைய ஆலயம். பைகுல்லாவிலுள்ள மாகேன் டேவிட் ஆலயத்தை 1861இல் டேவிட் சாசூன் கட்டினார். கோட்டைப் பகுதியிலுள்ள கெனெசெத் எலியாஹூ ஆலயத்தை 1884இல் அவர் பேரர் ஜேக்கப் சாசூன் கட்டினார். எனினும், கட்டிய ஆலயத்தில் நாள்தோறும் விளக்கெரிய வேண்டுமே! அச்செலவை ஏற்போர் பெரும்பாலும் சம்பளக்காரர்களே.

நிதி திரட்டும் முறையை நண்பர் விளக்கியபோது நமக்கு ஊர் நினைவு வந்தது. திருநாட்களில் மறைச்சுருள் வைத்த பேழையைத் திறத்தல், சுருளை ஏந்திச் செல்லுதல் போன்ற மரியாதைகளை ஏலம் விடுவார்களாம். ஓய்வுநாளிலும் பெருநாளிலும் பணத்தைத் தொடலாகாது, எழுதவும் கூடாது. ஆகவே கேட்ட தொகை வாய்ச்சொல்லாகவே நிற்கும். பெருநாள் கழிந்தபின் வந்து சேரும். மொய் நோட்டு இல்லாத மொய் என்று நாம் சொல்ல, நண்பர் நகைத்தார். நேர்த்திக்கடன் கழிக்கவும் புதுமனை புகவும் 'மலிதா' என்னும் படையல் வைப்பர். அவலில் தேங்காய்த் துருவலும் இனிப்பும் கலந்து, பழங்களுடன் வைத்து, எலியா தீர்க்கதரிசியை நினைந்து வேண்டி, யாவரும் பகிர்ந்து உண்பர். நம் வீட்டு அவல்தான்!

ஒரு திங்கட்கிழமை காலை, நண்பர் வழிபடும் சிறிய ஆலயத்திற்கு அவருடன் சென்றோம். தலையைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு பின்வரிசைப் பெஞ்சியில் அமர்ந்தோம். பெஞ்சுகள் துடைத்துப் பளபளத்தன, விளக்குகள் எரிந்தன, நூல்களும் ஆயத்தமாயிருந்தன. ஆயினும் சுருளைத் திறக்கவில்லை. 13 வயது நிரம்பிய ஆடவர் 10 பேர் கூடினாலன்றி மறைச்சுருளை எடுத்து ஓதலாகாது என்பது அவர்தம் விதி. அன்று வந்திருந்தோர் 9 பேர்.

ஆட்களை ஒன்று, இரண்டு என எண்ணவும் மாட்டார்கள். பத்துச் சொற்கள் கொண்ட மறைவாக்கியம் ஒன்றைச் சொல்லி, ஆளுக்கு ஒரு சொல்லாக வைத்துப் பார்ப்பர். நெல் அளக்கையில் 'ஒன்று' என்னாமல் 'லாபம்' என்று தொடங்கும் நம் ஊர்ப் பெரியவர்கள் நினைவுக்கு வந்தார்கள். அன்று கடைசிச் சொல்லுக்கு ஆள் இல்லை. முதியவர் ஒருவர் தொலைபேசியில் யார் யாரையோ அழைத்தார். "எங்களைச் சேர்த்துக்கொள்ளலாகாதா?" என்று மெல்லக் கேட்டோம். "நீங்கள் தாராளமாக அமரலாம், நன்கொடையும் கொடுக்கலாம். ஆனால் அந்த ஓரிடத்தை மட்டும் எவ்வளவு பணத்தாலும் நிரப்ப முடியாது" என்றார் நண்பர்.

1948இல் இஸ்ரேல் நாடு பிறந்தபின், அவ்வகுப்பாருள் பெரும்பாலோர் படிப்படியாக அங்கே குடியேறிவிட்டனர். இங்கே எஞ்சியிருப்போர் சில ஆயிரவரே. சுவர் இடிந்தால் பணம் திரட்டிக் கட்டிவிடலாம். கெனெசெத் எலியாஹூ ஆலயமும் கொடையாளர் பலரின் துணையால் செப்பனிடப்பட்டு 2019இல் மீண்டும் திறக்கப்பெற்றது. ஆளுக்கு என்ன செய்வது?

முக்கால் மணி கழித்து, வியர்வையைத் துடைத்தபடி ஓர் இளைஞர் ஓடி வந்தார். வண்டி தாமதமாம். ரயில்வேக்காரராகிய நாம் தலை குனிந்தோம்! ஒருவரும் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. முதியவர் எழுந்து அவர் கையைப் பற்றினார். பேழை திறந்தது.

அன்பர்களே, நம் சங்கத்திற்குச் சந்தா ஒழுங்காக வருகிறது. கட்டட நிதிக்கும் நம்மவர் தாராளமாகக் கொடுக்கின்றனர். ஆனால் மாதக் கூட்டத்திலும் குழந்தைகளின் தமிழ் வகுப்பிலும் நாற்காலிகள் காலியாகவே கிடக்கின்றன. நாமே மூன்று கூட்டங்களுக்குப் பணம் அனுப்பிவிட்டு வீட்டில் இருந்தோம். ரசீது கையில் இருந்ததால் கடமை தீர்ந்தது என்றே எண்ணியிருந்தோம். அடுத்த கூட்டத்திற்கு நேரில் வருவோம். குழந்தைகளையும் அழைத்து வருவோம்.