உங்களுக்குத் தெரியுமா? உடலுக்குள் வைத்த வலைக்கும் வழக்கு உண்டு

குடலிறக்க அறுவையில் வயிற்றுச் சுவருக்கு வலுவூட்டப் பொருத்தப்படும் பாலிப்ரொப்பிலீன் வலை, உருவாக்கத்திலோ வடிவமைப்பிலோ குறையுடையதாக இருந்தாலும், உரிய எச்சரிக்கை இன்றி விற்கப்பட்டிருந்தாலும், 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதன் உற்பத்தியாளரே இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார். இதனைச் சட்டம் ‘பொருள் பொறுப்பு’ என்கிறது. பட்டாசு விபத்து இழப்பீடு பற்றி நன்கறிந்த சிவகாசி வட்டாரத்தில் இவ்வழி அவ்வளவாக அறியப்படவில்லை எனலாம். மதுரையில் கட்டணம் செலுத்தி அறுவை செய்துகொண்ட சிவகாசிக்காரர், தாம் வசிக்கும் விருதுநகர் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் முறையிடலாம்.

எல்லோருக்கும் இலவசமாகவே சிகிச்சையளிக்கும் அரசு மருத்துவமனையின் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துள் அடங்காது என்பது, முந்தைய சட்டத்தின்கீழ் வந்த 1995ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அங்கு நேரும் கேட்டுக்கு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு, அதாவது அரசின் கடமையை வலியுறுத்தும் மனு, ஒரு வழியாகும். எடுத்துக்காட்டாக, சிவகாசி அரசு ரத்த வங்கியிலிருந்து வந்த எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் 2018 டிசம்பரில் சாத்தூரில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றப்பட்ட வழக்கில், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2019இல் 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

வலையின் நிறுவனப் பெயரும் தொகுதி எண்ணும் அச்சிட்ட ஒட்டுச்சீட்டின்றி எந்த வலை பொருத்தப்பட்டது என்று நிறுவுவது கடினம். ஆதலால் மருத்துவமனையை விட்டு வெளியேறும்முன் அந்த ஒட்டுச்சீட்டின் நகலைக் கேட்டுப் பெறுக.