இரவுத் தூக்கத்துக்கு எந்த மூலிகை டீ? பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள்!

நாமக்கல் மாவட்டம், கொல்லிமலை. 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே ஏறினால் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி படர்ந்திருக்கும். அதன் நிழலில் காபிச் செடிகள் நிற்கும். எடப்புளி நாடு போன்ற மலை ஊர்கள் கடல் மட்டத்திலிருந்து சுமார் ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருப்பதால், பொழுது சாய்ந்ததுமே குளிர் இறங்கிவிடும். கை தானாகச் சூடான டம்ளரைத் தேடும். பகல் முழுக்கச் சரிவில் ஏறி இறங்கி வேலை செய்த உடம்பு அசந்து கிடக்கும். ஆனால், படுத்தால் தூக்கம் வராது. 'காபியை விட்டுட்டு மூலிகை டீ குடிச்சுப் பாருங்க' என்று யாராவது சொல்வார்கள். எந்த மூலிகை டீ என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

தூக்கத்தைக் கெடுப்பது எது?

நாள் முழுக்க உழைக்கும்போது மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். 'போதும், படு' என்று உடம்புக்குச் சொல்வது இதுதான். காபியிலும் டீயிலும் உள்ள கஃபீன் அந்தச் சேதியை மூளைக்குச் சேரவிடாமல் மறித்துவிடும். ஒரு டம்ளர் காபியில் ஏறத்தாழ 80 முதல் 100 மில்லிகிராம் கஃபீன் இருக்கும். டீயில் சுமார் பாதி. குடித்து 5 மணி நேரம் ஆன பிறகும் அதில் பாதியளவு ரத்தத்தில் தங்கியிருக்கும். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் நடந்து 2013-ல் வெளியான ஆய்வு ஒன்றில், படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் கஃபீன் எடுத்தவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் தூக்கம் குறைந்தது. ஆக, மனம் அமைதியாக முதல் வழி, பிற்பகலுக்குப் பிறகு கஃபீனை நிறுத்துவதுதான்.

பெயரில் மூலிகை, உள்ளே தேயிலை

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். 'துளசி டீ', 'இஞ்சி டீ' என்று விற்கும் பாக்கெட்டுகள் பலவற்றில் தேயிலைத் தூளோடு கொஞ்சம் மூலிகை கலந்திருக்கும். கிரீன் டீயும் தேயிலைதான். அதிலும் கஃபீன் உண்டு. பாக்கெட்டின் பின்பக்கம் சேர்மானப் பட்டியல் இருக்கும். எடை அதிகமுள்ள பொருள் முதலில் வரும். அந்தப் பட்டியலில் தேயிலை, கிரீன் டீ, காபி என எது இருந்தாலும் அது ராத்திரிக்கு ஆகாது. கடையில் வாங்கும் சுக்குமல்லி காபித் தூளிலும் காபித் தூள் கலந்திருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

துளசி: கஃபீன் இல்லை. மன இறுக்கம் குறைவதாகச் சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. ஒரு டம்ளர் கொதிநீரில் எட்டு, பத்து இலைகளைப் போட்டு ஐந்து நிமிடம் மூடி வைத்து வடிகட்டினால் போதும். மூடாவிட்டால் வாசனை ஆவியோடு போய்விடும்.

எலுமிச்சைப்புல்: தூர் பிரித்து வரப்போரம் நட்டால் சரிவு நிலத்தில் மண்ணையும் பிடித்துக்கொள்ளும். வாசனை அருமை. ஆனால், 1986-ல் வெளியான பிரேசில் நாட்டு ஆய்வில், இதைக் குடித்தவர்களுக்குத் தூக்கம் கூடவில்லை, பதற்றமும் குறையவில்லை. காபிக்கு மாற்றாகக் குடிக்கலாம். தூக்க மருந்தாக நம்ப வேண்டாம்.

சுக்குமல்லி: குளிருக்கு இதமானது. கருப்பட்டியும் சர்க்கரைதான் என்பதால் நீரிழிவு உள்ளவர்கள் அதைச் சேர்க்காமல் குடிக்க வேண்டும்.

சீமைச் சாமந்தி: கடைகளில் 'கெமோமில்' என்று அதிக விலைக்கு விற்பது இதுதான். பதற்றம் ஓரளவு குறைவதாக ஆய்வுகள் உண்டு. இது பார்த்தீனியம் குடும்பத்துச் செடி. பார்த்தீனியம் பட்டால் தோல் அரிப்பு, தும்மல் வருபவர்கள் தொடாமல் இருப்பது நல்லது.

பறிக்கும் இடம் முக்கியம்

காபி, மிளகுத் தோட்டங்களில் போர்டோ கலவை தெளிப்பது வழக்கம். அது மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்தது. தெளித்த கொடிக்குக் கீழே நிற்கும் துளசியைப் பறித்துக் குடிக்கக் கூடாது. களைக்கொல்லி அடித்த வரப்புக்கும் இதே விதிதான். வீட்டுக்கென்று நாலு செடி துளசியும் ஒரு தூர் எலுமிச்சைப்புல்லும் அடுப்படிப் பக்கம் தனியாக வைத்துக்கொள்வது பாதுகாப்பு. நிழலில் உலர்த்தி, ஈரம் புகாத டப்பாவில் வைக்கலாம். பூஞ்சை வாடை வந்தால் கொட்டிவிட வேண்டும்.

வாசகர் கேள்விகள்

ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் மூலிகை டீ குடிக்கலாமா?

அதிமதுரம் சேர்ந்த கலவையைத் தவிர்க்க வேண்டும். தொடர்ந்து குடித்தால் அது ரத்த அழுத்தத்தை ஏற்றும். உடம்பில் பொட்டாசியத்தைக் குறைக்கும். இனிப்புக்காகப் பல கலவைகளில் இதைச் சேர்க்கிறார்கள். சர்க்கரைக்கும், ரத்தம் உறையாமல் இருக்கவும் மாத்திரை எடுப்பவர்கள் எந்த மூலிகையையும் தினமும் குடிக்கும் முன் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

கர்ப்பிணிகள்?

அமுக்கரா (அஸ்வகந்தா) சேர்ந்ததைத் தொடக் கூடாது. மற்றவற்றையும் மருத்துவரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம்.

எங்கள் தோட்டத்துத் துளசியை உலர்த்திப் பாக்கெட் போட்டு விற்கலாமா?

விற்கலாம். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். என்ன செடி, எப்போது உலர்த்தியது என்று பாக்கெட்டில் தெளிவாக அச்சிட வேண்டும். ஒரே செடியாக விற்பது நல்லது. வாங்குபவருக்கு என்ன குடிக்கிறோம் என்று தெரியும்.

எல்லாம் செய்தும் தூக்கம் வரவில்லையே?

வாரத்தில் மூன்று இரவுகளாவது தூக்கமின்றி, அது மூன்று மாதம் நீடித்தால் மருத்துவம் தேவைப்படுகிறது என்று அர்த்தம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். கடன், விளைச்சல் இழப்பு, வீட்டுக் கவலை என்று மனம் அலைந்தால் அதை எந்த டீயும் ஆற்றாது. 14416 என்ற 'டெலி மனஸ்' எண்ணுக்கு எந்த நேரத்திலும் இலவசமாகப் பேசலாம்; தமிழிலேயே பேசுவார்கள். ராத்திரி டம்ளரில் துளசி இருக்கட்டும். மனதில் இருப்பதை ஒரு மனிதரிடம் சொல்லிவிடுவது அதைவிட நல்லது.