கோடை விடுமுறையும் நூலக அட்டையும்

ஆண்டு இறுதித் தேர்வுகள் முடிந்து புத்தகப் பைகள் பரணில் ஏறும் காலம் இது. அடுத்து வரும் ஆறேழு வாரங்களைப் பிள்ளைகள் எவ்வாறு கழிப்பது என்னும் கேள்வி ஒவ்வோர் இல்லத்திலும் எழுகிறது. நீச்சல், ஓவியம், கணினி எனக் கோடைக்கால வகுப்புகள் பல உள்ளன. அவற்றுக்கான கட்டணமோ நடுத்தரக் குடும்பங்களையும் தயங்க வைக்கிறது. இந்நிலையில், மிகக் குறைந்த செலவிலோ செலவே இன்றியோ கிடைக்கும் வாய்ப்பு ஒன்றை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். பொது நூலகங்கள் சிறுவர்க்கும் பதின்பருவத்தினர்க்கும் நடத்தும் கோடை வாசிப்புத் திட்டமே அது. அதன் தேவையையும் அது நடைபெறும் முறையையும், பெற்றோர் என்ற முறையில் நாம் செய்யத்தக்கவற்றையும் இக்கட்டுரையில் காண்போம்.

விடுமுறையில் நழுவுவது

வாசிப்பும் நீச்சலைப் போன்றதொரு திறனே. பழகப் பழகக் கைகூடும், விட்டுவிட்டால் தளரும். பள்ளி நடைபெறும் மாதங்களில் செல்வர் வீட்டுப் பிள்ளையும் கூலித் தொழிலாளியின் பிள்ளையும் நாள்தோறும் எழுத்தோடு உறவாடுகின்றனர். பள்ளி மூடியதும் அந்தச் சமநிலை குலைகிறது. புத்தக அலமாரி உள்ள வீட்டில் வாசிப்பு தொடர்கிறது. பாடநூலைத் தவிர வேறு நூல் இல்லாத வீட்டில் அது நின்றுபோகிறது.

அமெரிக்கச் சமூகவியலாளர் பார்பரா ஹெய்ன்ஸ், அட்லாண்டா நகரின் ஆறாம், ஏழாம் வகுப்பு மாணவர்களை ஆராய்ந்து 1978இல் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார். கோடையில் பிள்ளைகள் படித்த நூல்களின் எண்ணிக்கைக்கும் அவர்களது கல்வி வளர்ச்சிக்கும் நெருங்கிய தொடர்பு இருப்பதை அவர் கண்டார். கோடைக்காலக் கற்றலில் பொது நூலகத்தின் பங்கு பெரிது என்பதும் அவ்வாய்வு உணர்த்திய உண்மையாகும்.

நம் நாட்டில் இதனை இன்னும் கூர்மையாக உணர்த்தியது பெருந்தொற்றுக் காலம். அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் ஐந்து மாநிலங்களின் அரசுப் பள்ளிகளில் பயிலும் 16,067 குழந்தைகளை ஆராய்ந்து 2021இல் அறிக்கை வெளியிட்டது. இரண்டு முதல் ஆறாம் வகுப்பு வரையிலான அக்குழந்தைகளுள் 92 விழுக்காட்டினர் முந்தைய ஆண்டு பெற்றிருந்த மொழித்திறன்களுள் குறைந்தது ஒன்றையேனும் இழந்திருந்தனர். கணிதத்தில் அவ்வாறு இழந்தோர் 82 விழுக்காட்டினர். நெடுநாள் பள்ளி மூடலையும் கோடை விடுமுறையையும் ஒன்றெனக் கொள்ள இயலாது. ஆயினும், எழுத்தோடு உள்ள தொடர்பு அறுந்தால் கற்றதும் கைநழுவும் என்னும் பாடம் இரண்டுக்கும் பொதுவானது.

திட்டம் நடைபெறும் முறை

கோடை வாசிப்புத் திட்டத்தின் அடிப்படை எளிது. விடுமுறைத் தொடக்கத்தில் குழந்தை நூலகத்தில் பெயரைப் பதிவு செய்கிறது. இத்தனை நூல்கள் என ஓர் எளிய இலக்கு குறிக்கப்படுகிறது. படித்து முடித்த ஒவ்வொரு நூலும் ஓர் அட்டையில் பதியப்படுகிறது. இடையிடையே கதைசொல்லல், பொம்மலாட்டம், ஓவியம், எளிய அறிவியல் சோதனைகள் ஆகியவை நடைபெறுகின்றன. இலக்கை எட்டிய குழந்தைக்கு நிறைவில் சான்றிதழோ சிறு பரிசோ வழங்கப்படுகிறது.

பிரிட்டனின் பொது நூலகங்களில் 1999 முதல் நடைபெற்றுவரும் கோடை வாசிப்புத் திட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நான்கு முதல் பதினொரு வயது வரையிலான குழந்தைகள் விடுமுறைக்குள் ஆறு நூல்களைப் படிப்பதே அதன் வழக்கமான இலக்கு. கட்டணம் கிடையாது, போட்டியும் கிடையாது. யார் அதிகம் படித்தார் என்று எவரும் ஒப்பிடுவதில்லை. தாம் மேற்கொண்ட இலக்கை முடித்த அனைவருமே வென்றவராகின்றனர்.

நம் நாட்டிலும் இதற்கான களம் உண்டு. சென்னை கோட்டூர்புரத்தில் 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகமும் சிறுவர்க்கெனத் தனிப் பிரிவுகளைக் கொண்டுள்ளன. கர்நாடகத்தில் 2020ஆம் ஆண்டு குழந்தைகள் நாளன்று தொடங்கப்பட்ட 'ஓதுவ பெளகு' இயக்கம், கிராமப் பஞ்சாயத்து நூலகங்களில் பள்ளிப் பருவத்தினரைக் கட்டணமின்றி உறுப்பினராக்கி வருகிறது. 'வாசிப்பின் ஒளி' என்பது அப்பெயரின் பொருள். கேரளத்தில் நூலக இயக்கத்தை வளர்த்த பி. என். பணிக்கர் மறைந்த ஜூன் 19ஆம் நாள், 1996 முதல் வாசிப்பு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

தேர்வு குழந்தையுடையதே

இத்திட்டத்தின் உயிர்நாடி, நூலைத் தேர்ந்தெடுக்கும் உரிமை குழந்தையிடம் இருப்பதாகும். இதுவே பெற்றோர்க்கு மிகக் கடினமான பகுதியும் ஆகும். படக்கதையை எடுக்கும் பிள்ளையின் கையிலிருந்து அதனை வாங்கி வைத்துவிட்டு, பொது அறிவு நூலைத் திணிப்பது நம்மில் பலரது வழக்கம்.

அமெரிக்கப் பேராசிரியர்கள் ரிச்சர்ட் ஆலிங்டன், ஆன் மெக்கில்-ஃபிரான்சன் ஆகியோர் 2010இல் வெளியிட்ட ஆய்வு இங்குக் கருதத்தக்கது. ஃபுளோரிடாவில் வறிய குடும்பத்துக் குழந்தைகள் தாங்களே விரும்பித் தேர்ந்தெடுத்த பன்னிரண்டு நூல்களை ஒவ்வொரு கோடையிலும் அவர்கள் வழங்கினர். மூன்று கோடைகள் கடந்தபின், நூல்களைப் பெற்ற குழந்தைகளின் வாசிப்புத் திறன் பெறாதவர்களுடையதைவிட மேம்பட்டிருந்தது. கோடைக்காலப் பள்ளிக்குச் செல்வதால் விளையும் பயனுக்கு அது குறைந்ததன்று. பிடித்த நூலைக் குழந்தை இறுதிவரை படிக்கும். இறுதிவரை படித்த குழந்தையே அடுத்த நூலைத் தேடும்.

பதின்பருவத்தினரை ஈர்ப்பது

பன்னிரண்டு வயதைக் கடந்தவர்கள் சிறுவர் பிரிவில் அமரக் கூச்சப்படுவர். பெரியவர் பிரிவோ போட்டித் தேர்வுக்குப் படிப்போரால் நிறைந்திருக்கும். இரண்டுக்கும் இடையில் நிற்கும் இவர்களுக்குச் சான்றிதழைவிடப் பொறுப்பே கவர்ச்சியானது. சிறுவர்க்குக் கதை வாசித்துக் காட்டுதல், நூல்களை வரிசைப்படுத்துதல், படித்த நூலைப் பற்றி அரைப்பக்கம் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுதல் போன்ற பணிகளை அவர்களிடம் ஒப்படைக்கலாம். பிரிட்டன் திட்டத்திலும் இளையோர் தொண்டர்களாகப் பங்கேற்கின்றனர். தம்பி தங்கையர்க்கு வாசித்துக் காட்டும் பிள்ளை தானும் வாசகராகவே வளர்கிறது.

நூலகம் நம்முடையது

இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் சீர்காழி எஸ். ஆர். அரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள், ஒவ்வொரு வாசகருக்கும் அவர்க்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பதும் ஒன்று. அதே ஆண்டில் மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டி நூலகம் ஊர் ஊராகச் சென்றது. சுதந்திர இந்தியாவில் முதன்முதலாகச் சென்னை மாகாணத்தில் 1948இல் பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்டது. தமிழ்நாடு, கர்நாடகம் போன்ற மாநிலங்களில் சொத்துவரியோடு நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. அதாவது, நூலகத்துக்கான தொகையை நாம் ஏற்கெனவே செலுத்தி வருகிறோம். பயன்படுத்தாதிருப்பது, பணம் போட்ட கணக்கை மறந்துவிடுவதற்கு ஒப்பாகும்.

பெற்றோர் செய்யத்தக்கவை

1. விடுமுறையின் முதல் வாரத்திலேயே அருகிலுள்ள கிளை நூலகத்துக்குப் பிள்ளையுடன் செல்லுங்கள். உறுப்பினர் விதிகள், காப்புத்தொகை, கோடை நிகழ்ச்சிகள் ஆகியவற்றை நூலகரிடம் கேட்டறியுங்கள்.

2. நூலக அட்டையைப் பிள்ளையின் பெயரிலேயே பெறுங்கள். நூலை உரிய நாளில் திருப்பித் தரும் பொறுப்பும் அப்பிள்ளையுடையதாகட்டும்.

3. வாரத்துக்கு ஒரு நூல் என்பது எளிய இலக்கு. ஆறு வாரங்களில் ஆறு நூல்கள் நிறைவடையும்.

4. பிற மாநிலங்களில் வாழ்வோர் தாய்மொழி நூல் ஒன்றையேனும் பட்டியலில் சேருங்கள். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு நீங்களே வாசித்துக் காட்டலாம்.

5. படித்ததைப் பற்றித் தேர்வு போல வினா எழுப்பாதீர்கள். கதையை உங்களுக்குச் சொல்லும்படி கேளுங்கள்.

6. உங்கள் ஊர் நூலகத்தில் இத்தகைய திட்டம் இல்லையெனில், குடியிருப்போர் சங்கத்தின் வழியாக நூலகரை அணுகி, வாரம் ஒரு கதைநேரத்துடன் தொடங்குமாறு வேண்டலாம்.

வாசிப்பும் சேமிப்பும்

2023-24 நடுவண் நிதிநிலை அறிக்கையில், குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினர்க்கும் தேசிய மின்னூலகம் அமைக்கப்படும் என அறிவிக்கப்பட்டது. பஞ்சாயத்து, வார்டு அளவில் நூலகங்கள் அமைக்க மாநிலங்கள் ஊக்குவிக்கப்படும் என்றும், நிதியறிவை வளர்க்கும் வகையில் வயதுக்கேற்ற நூல்களை வழங்க நிதித்துறை அமைப்புகள் ஊக்குவிக்கப்படும் என்றும் அதில் கூறப்பட்டது. பாரத ரிசர்வ் வங்கியும் சேமிப்பு, வங்கிச் சேவை பற்றிய படக்கதைகளைச் சிறுவர்க்கென வெளியிட்டுள்ளது.

பத்து வயது நிறைந்த சிறார், ரிசர்வ் வங்கியின் விதிகளுக்கும் அந்தந்த வங்கி வகுக்கும் வரம்புகளுக்கும் உட்பட்டுச் சேமிப்புக் கணக்கைத் தாமே தொடங்கி இயக்கவும் வழியுண்டு. நூலக அட்டையை ஒழுங்காகப் பேணக் கற்ற பிள்ளைக்கு இதுவும் கடினமாக இராது. கடன் பெற்ற நூலைக் குறித்த நாளில் சேதமின்றித் திருப்பித் தரும் வழக்கம், வாழ்நாள் முழுவதற்கும் உதவும் நாணயமாகும்.

விடுமுறை நாள்கள் விரைந்து கரைபவை. நூலகத்துக்கு இந்த வாரமே ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குவோம்; எந்த நூலை எடுப்பது என்பதைப் பிள்ளைகளின் விருப்பத்துக்கு விட்டுவிடுவோம்.