தடைக்காலத்தில் நின்ற இருமல்

தூத்துக்குடியில் ஓர் இறால் கம்பெனியில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறேன். தலை கிள்ளி, தோல் உரித்து, கழுவிக் கொடுப்பது எங்கள் பிரிவு. கிலோ கணக்கில் கூலி.

மூன்று வருஷத்துக்கு முன் வறட்டு இருமல் ஆரம்பித்தது. ராத்திரியானால் நெஞ்சு இறுகி, 'விசில்' அடிப்பது போல் இழுக்கும். ஐஸ் தண்ணீரில் நிற்பதால் வந்த சளி என்று நினைத்து, கடையில் டானிக் வாங்கிக் குடித்தே காலத்தை ஓட்டினேன். அதற்குள் தெருவில் "டி.பி.யாம்" என்று பேச்சு கிளம்பி விட்டது. போன தை மாசம் என் மகளைப் பெண் பார்த்து விட்டுப் போனவர்கள், "தாய்க்கு நெஞ்சுச் சீக்காமே" என்று தரகரிடம் சொல்லி அனுப்பி விட்டார்கள். இடிந்து போனேன்.

பக்கத்து வீட்டு மதினிதான் பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். சளியும் எக்ஸ்ரேயும் பார்த்து, "டி.பி. இல்லை. இருந்திருந்தாலும் மருந்து சாப்பிட்டாத் தீரும், ஒளிக்க வேண்டியதில்லை" என்றார் டாக்டரம்மா. பிறகு, "எப்பம்மா உனக்கு இருமல் இல்லாம இருக்கு?" என்று கேட்டார்.

யோசித்தேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு போகாது; வரத்து குறைந்து எனக்கும் வேலை இருக்காது. கையில் காசு இல்லாத அந்த நாட்களில்தான் நிம்மதியாக மூச்சு விட்டிருக்கிறேன்!

"அப்ப இது வேலையால வந்த ஆஸ்துமா" என்றார். இறாலைப் பீய்ச்சிக் கழுவும்போதும் வேக வைக்கும்போதும் அதன் புரதம் நீர்த்துளியோடும் ஆவியோடும் மூச்சில் போகுமாம். சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாதாம். இறால் கறுக்காமல் இருக்கப் போடும் வெள்ளைப் பொடி, சோடியம் மெட்டாபைசல்பைட், தண்ணீரில் கரையும்போது கந்தக வாயு வரும். முகத்தில் கட்டும் துணி அந்த வாயுவைத் தடுக்காது.

இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். சீட்டைக் காட்டிக் கெஞ்சி, அட்டைப்பெட்டி ஒட்டும் பிரிவுக்கு மாறி விட்டேன். கூலி குறைவுதான், ஆனால் ராத்திரி தூங்குகிறேன். காற்று இழுக்கும் விசிறி வைக்கச் சொல்லி மற்றப் பெண்களும் நானும் கேட்டிருக்கிறோம். "பார்க்கலாம்" என்கிறார்கள்.

என் பழைய மேஜையில் இப்போது ஒரு சின்னப் பெண் இருமுகிறாள். "வெளிய சொல்லிடாதீங்க அக்கா, வேலை போயிடும்" என்கிறாள். மூன்று வருஷம் நானும் அப்படித்தானே இருந்தேன்!

சகோதரிகளே, லீவு நாளில் குறைந்து, வேலைக்குப் போனதும் கூடுகிற இருமலை அலட்சியம் பண்ணாதீர்கள். டாக்டரிடம் போனால் நோயை மட்டும் சொல்லாமல், என்ன வேலை பார்க்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். என் மகளுக்கு வேறு இடம் வந்திருக்கிறது. இந்தத் தடவை தரகரிடம் நானே எல்லாவற்றையும் சொல்லி விட்டேன்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தூத்துக்குடி.