நத்தை விட்டுச்செல்லும் வெள்ளிக்கோடு

மாலை மழை கொட்டி ஓய்ந்தால், மறுநாள் விடியலில் கிள்ளான் தாமான் வீடுகளின் மதிலெங்கும் வெள்ளிக்கோடுகள் மின்னும். மலாய்க்காரர்கள் ‘சிப்புட் பாபி’ என்னும் ஆப்பிரிக்க ராட்சத நத்தை இரவில் போன தடம் அது. கறிவேப்பிலைக் கன்றைக் கடித்துவிட்டதே என்ற ஆத்திரத்தில் நம்மவர் பலர் உடனே உப்பைத் தூவுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

நத்தையின் கோழை பெரும்பாலும் நீர்தான். உப்பு பட்டதும் ஈரத்தோல் வழியே உடம்பின் நீர் வெளியேறுகிறது. உப்பைக் கழுவித் தள்ள நத்தை மேலும் மேலும் கோழையைச் சுரக்கிறது; அதிலும் நீர்தான் போகிறது. துடித்துத் துடித்துத்தான் சாகிறது. ஓடில்லா நத்தைக்கு உள்ளிழுத்துக்கொள்ள ஓடுகூட இல்லை.

இந்தக் கோழையின் அற்புதம் அதன் இரட்டைக் குணத்தில் இருக்கிறது. மெல்லத் தள்ளினால் திடப்பொருளாக நிற்கும். அழுத்தம் ஓர் அளவைத் தாண்டினால் இளகி ஓடும். அழுத்தம் விட்டதும் மறுபடி இறுகும். நத்தையின் ஒற்றைப் பாதத்தில் தசை அலைகள் ஓடுகின்றன. அலை நகரும் இடத்தில் கோழை இளகி வழிவிட, மற்ற இடத்தில் இறுகிப் பிடித்துக்கொள்கிறது. பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடிச் சுவரில் அது செங்குத்தாக ஏறுவதும், கூரைக்கடியில் தலைகீழாகப் போவதும் இதனால்தான். ஆனால் செலவு பெரிது. 1980இல் மார்க் டென்னி என்ற ஆய்வாளர் ஓடில்லா நத்தையொன்றை அளந்து பார்த்தார். எடைக்கும் தூரத்துக்கும் ஏற்பக் கணக்கிட்டால், அதுவரை அளக்கப்பட்ட எந்த விலங்கின் நடைக்கும் அவ்வளவு சக்தி செலவானதில்லை. பெரும்பகுதி கோழை சுரக்கவே போய்விடுகிறது. முன்னே போன நத்தையின் தடத்திலேயே போகும் கடற்கரை நத்தைகள் கோழையை மிச்சப்படுத்துகின்றன. இணையைத் தேடவும் தடம் உதவுகிறது.

வெயில் காய்ந்தால் நத்தை ஓட்டுக்குள் ஒடுங்கி, உலர்ந்த கோழையால் ஓட்டின் வாயை மூடிக்கொள்ளும். 1846இல் லண்டன் அருங்காட்சியகத்தில் அட்டையில் ஒட்டி வைத்த எகிப்திய நத்தை, 1850இல் வெதுவெதுப்பான நீர் பட்டதும் ஊர்ந்தது!

ராட்சத நத்தை இந்த மண்ணுக்குரியதல்ல. 1847இல் பென்சன் என்பவர் மொரிஷியஸிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அடுத்த நூற்றாண்டில் மலாயாவிலும் பரவியது. தோட்டத்திலிருந்து அகற்றத்தான் வேண்டும், ஆனால் வெறுங்கையால் தொடக்கூடாது. எலியின் நுரையீரல் புழு நத்தைக்குள் வளர்கிறது. மனிதருக்குள் போனால் மூளையுறையில் அழற்சி உண்டாக்கும். இரவில் கையுறை அணிந்து பொறுக்குங்கள். மண்ணில் குவியலாகக் கிடக்கும் முட்டைகளையும் எடுத்துவிடுங்கள். பச்சையாகத் தின்னும் கீரையை ஓடும் நீரில் இலை இலையாகக் கழுவுங்கள்.