மேச்சேரி ஒன்றியத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது யார்?

சேலம் மாவட்டத்தின் 20 ஊராட்சி ஒன்றியங்களில் மேச்சேரியும் ஒன்று. ஒன்றிய அலுவலகம் மேச்சேரியிலேயே இருக்கிறது. ஆனால் மேச்சேரி நகரில் குடியிருப்பவருக்கு ஒன்றியக் குழுத் தேர்தலில் வாக்கு கிடையாது. மேச்சேரி ஒரு பேரூராட்சி என்பதால் சட்டத்தின் பார்வையில் அது நகர்ப்புற உள்ளாட்சி. பொட்டனேரி, வெள்ளார், மல்லிகுந்தம் முதலான சுற்றுக் கிராம ஊராட்சிகளின் வாக்காளர்களே ஒன்றியக் குழுவுக்கு உறுப்பினர்களை அனுப்புகின்றனர்.

அந்தக் கிராமங்களின் வாக்காளர் ஒவ்வொருவரும் 2019 டிசம்பர் தேர்தலில் நான்கு வாக்குகள் அளித்தனர்: கிராம ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு ஒன்று, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்புச் சீட்டு, ஒன்றிய வார்டு உறுப்பினருக்குப் பச்சைச் சீட்டு, மாவட்ட ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு மஞ்சள் சீட்டு. முதலிரண்டும் கட்சி சார்பற்றவை. பின்னிரண்டில் கட்சிச் சின்னங்கள் உண்டு. ஏறத்தாழ 5,000 மக்களுக்கு ஓர் ஒன்றிய வார்டு என்பது 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வகுத்த அளவு.

ஊராட்சித் தலைவருக்குத் தனிச் சீட்டு இருந்தது போல ஒன்றியக் குழுத் தலைவருக்கு ஐந்தாவது சீட்டு ஏதும் இல்லை. கிராம ஊராட்சித் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறையை மாநிலத்தின் விருப்பத்துக்கு விட்ட அரசியலமைப்பின் 243சி உறுப்பு, இடைநிலை, மாவட்ட அமைப்புகளில் அவ்வாறு விடவில்லை. தலைவரை உறுப்பினர்களே தம்முள் இருந்து தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கட்டளையிட்டுவிட்டது. 2020 ஜனவரி 11 அன்று தமிழகத்தின் ஒன்றிய அலுவலகங்களில் நடந்த மறைமுகத் தேர்தல் அந்த விதியின்படி நடந்ததே.

பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகை விகிதப்படி வார்டுகளும் தலைவர் பதவிகளும் ஒதுக்கப்படுகின்றன. இவற்றில் பெண்களுக்குரிய பங்கைத் தமிழகம் 2016இல் பாதியாக உயர்த்தியது. காகிதத்தில் இது பெருஞ்சாதனை. நடைமுறையில் என்ன நிகழ்கிறது?

தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட வார்டிலும் வாக்காளருள் பெரும்பாலோர் தலித் அல்லாதவராகவே இருப்பது வழக்கம். தலித் வேட்பாளர் இருவர் மோதினால் எவர் வெல்வார் என்பதை ஊர்த் தெருவின் வாக்கே தீர்மானிக்கிறது. 1932 செப்டம்பர் 24 அன்று கையெழுத்தான பூனா ஒப்பந்தம், தலித்துகள் தம் பிரதிநிதியைத் தாமே தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பறித்துக் கூட்டுத் தொகுதியைத் தந்ததன் விளைவை நாம் இன்றும் சுமக்கிறோம். ஒன்றியத் தலைவர் பதவியிலோ அச்சுமை இருமடங்கு. வார்டில் ஒருமுறை வடிகட்டப்பட்டு வந்தவர்களை, தலித் அல்லாதோர் பெரும்பான்மையாக அமர்ந்துள்ள குழு இரண்டாம் முறை வடிகட்டுகிறது. தலைவர் பதவி ஒதுக்கப்பட்டு, குழுவில் பட்டியல் சாதி உறுப்பினர் இருவரோ மூவரோ மட்டுமே இருந்தால், அவர்களுள் யார் இணக்கமானவர் என்பதே மற்றவர்களின் கேள்வியாகிவிடுகிறது.

இணக்கம் முறிந்தால் நம்பிக்கையில்லாத் தீர்மானம் இருக்கிறது. அதற்குச் சட்டம் சிறப்புப் பெரும்பான்மையைக் கோருகிறது என்பது ஓரளவு பாதுகாப்பே. ஆனால் சாதியாக அணி திரண்ட குழுவில் அந்த எண்ணிக்கை எட்ட முடியாததன்று. துணைத் தலைவர் பதவிக்கோ இடஒதுக்கீடே கிடையாது. நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களைக் கட்டுப்படுத்தும் பத்தாவது அட்டவணையின் கட்சித் தாவல் தடை உள்ளாட்சிக்குப் பொருந்தாது என்பதால், மறைமுகத் தேர்தலுக்கு முன் உறுப்பினர்களை எங்கோ ஒரு விடுதிக்கு அழைத்துச் சென்று அடைகாப்பது தேர்தல் சடங்காகவே மாறிவிட்டது.

1997 ஜூன் 30 அன்று மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்த ஐவரும் வெட்டிக் கொல்லப்பட்டபோது நாடே அதைக் கண்டது. ஒன்றியத்தில் ஒரு தலித் தலைவர் ஓரங்கட்டப்படுவது எவர் கண்ணுக்கும் படுவதில்லை. தீர்மானப் பதிவேட்டில் அது ஒரு வரி மட்டுமே.

இந்தக் குறைபாடுள்ள குழுகூட இல்லாமற்போவது அதைவிடக் கேடு. பழைய குழுக்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தபின், பழங்குடியினர் இடஒதுக்கீட்டுச் சர்ச்சையில் உயர் நீதிமன்றம் தேர்தல் அறிவிக்கையை ரத்து செய்ததைத் தொடர்ந்து மூன்றாண்டுகளுக்கும் மேலாகத் தனி அலுவலர்கள் ஆண்டனர். 2020இல் பொறுப்பேற்ற குழுக்களின் காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. மீண்டும் தனி அலுவலர்கள். பதவிக்காலம் முடியும் முன்பே தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்கிறது 243ஈ உறுப்பு. காலனிக்குச் செல்லும் சாலைக்கு ஏன் நிதி ஒதுக்கவில்லை என்று கூட்டத்தில் எழுந்து கேட்க ஒரு தலித் உறுப்பினருக்கு இருந்த உரிமை, அலுவலர் ஆட்சியில் மனு எழுதும் உரிமையாகச் சுருங்கிவிடுகிறது.

ஆகவே அடுத்த தேர்தல் அறிவிக்கை வரும்வரை காத்திருப்பது பிந்திய செயலாகும். வார்டு எல்லைகளின் வரைவு வெளியாகும்போது நம் குடியிருப்பு ஒரே வார்டில் இருக்கிறதா, இரண்டாகப் பிளக்கப்பட்டிருக்கிறதா என்று வரைபடத்தை வைத்துச் சரிபார்த்து, குறிக்கப்பட்ட நாளுக்குள் எழுத்துப்பூர்வமாக ஆட்சேபணை அளித்து ஒப்புகை பெற வேண்டும். தேர்தல் நடைமுறை தொடங்கிவிட்டால் நீதிமன்றங்கள் பெரும்பாலும் தலையிடுவதில்லை. வார்டு மறுவரையறைச் சட்டத்தின் செல்லுபடியை நீதிமன்றத்தில் கேள்விக்குட்படுத்த 243ஓ உறுப்பு தடை விதிக்கிறது. ஆட்சேபணைக் காலத்தில் நாம் கொடுக்கும் அந்த ஒற்றைத் தாளுக்கு, பின்னர் தொடுக்கும் எந்த வழக்கையும்விட மதிப்பு அதிகம்.